மூன்றாவது குடுவை

ஆய்வகத்தில் அவளைப் பால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் பொருத்தமான பெயர்தான். பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் மாடியில், மனிதர்களின் வாயிலிருந்து எடுத்த செல்களைக் குடுவைகளில் வளர்க்கும் அறை இருந்தது. அந்தச் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்றுவது அவள் வேலை. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான புதுத் திரவத்தை ஊற்ற வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தத் திரவம், செல்கள் தின்னத் தின்ன ஆரஞ்சாகி, அப்புறம் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பசி. சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்த மாத்திரத்தில் எந்தக் குடுவை பசியோடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் ஈறு செல்கள்தான் அவள் பொறுப்பில் இருந்தன. பல் பிடுங்க வந்தவர்களிடம் கேட்டு வாங்கிய துணுக்குகளிலிருந்து வளர்ந்தவை. அவற்றின் மேல் செத்த கிருமிகளின் தூளைத் தூவினால், திருடன் வந்த வீடு மாதிரி ஒரே கூச்சல் கிளம்பும். நம் வாயில் ஈறு சிவந்து வீங்குகிறதே, அந்த அழற்சியின் கூச்சல்தான் அது. டாக்டரம்மா கண்டுபிடித்த மருந்தை இரண்டு சொட்டு விட்டால் கூச்சல் அடங்கும். டாக்டரம்மா என்பவர் ஆய்வகத்தின் தலைவி. பல் மருத்துவம் படித்துவிட்டு, பல்லைத் தொட்டே பல வருஷம் ஆனவர்.

பால்காரம்மா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி, தம்பி மனைவியோடு ஒரே வீட்டில் வாசம். தம்பி கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருந்தான். நாள் முழுக்கக் கத்துகிற தொழில். "கிளட்ச்ச மிதிங்க! அது கிளட்ச் இல்லீங்க, என் கால்!" என்று அவன் சொல்வதைக் கேட்கவே சிலர் கூடுதலாக ஒரு வாரம் வந்ததுண்டு.

அவன் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் உரசுகிறது என்று முதலில் அலட்சியமாக விட்டான். அப்புறம் பல் மருத்துவரிடம் போய், கூரான பல்லை ராவி மழுக்கிக்கொண்டு வந்தான். அப்புறமும் ஆறவில்லை. கடைசியில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, எல்லோரும் பயந்தது போலவே புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நாக்கின் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பி சிரித்தபடி சொன்னான்.

"அக்கா, ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டேன். வெட்டி எடுக்கிறதுல கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரலாமான்னு கேட்டாங்க. தாராளமா எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம்னுதானே வெட்டச் சொல்றேன்னு சொன்னேன். எங்க போகுது தெரியுமா? உன் ரூமுக்குத்தான்!"

"யாருடா சொன்னாங்க?"

"நர்ஸ்தான். பின்னாடி பில்டிங், மாடின்னாங்க. நல்லா பாத்துக்க, நான் சொந்தமா வளர்த்தது."

தம்பி மனைவி, "இதுலயுமா விளையாட்டு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால்காரம்மா சிரித்து வைத்தாள்.

அந்த வாரம் ஆய்வகத்துக்கு மூன்று பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பனிக்கட்டிக்கு நடுவே ஒரு சின்னக் குழாய், அதற்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதைத் துண்டு. மேலே பெயர் இல்லை, எண் மட்டும். யாருடையது எது என்பது மருத்துவமனை அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும். டாக்டரம்மாவுக்கே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த மூன்றில் ஒன்று என் தம்பியுடையதாக இருக்கலாம் என்று அவள் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதா என்பதும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால், அந்தப் பெட்டிகளை அவள் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். அவை வேறொருவர் கைக்குப் போவது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்ய முடியாமலே கையுறையைப் போட்டுக்கொண்டு, மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, மூன்று குடுவைகளில் போட்டாள்.

முதல் குடுவையில் பூஞ்சை வந்தது. வாயிலிருந்து எடுத்த சதையில் இது சகஜம். வெளுப்பு நீரை ஊற்றிக் கொட்டினார்கள். இரண்டாவதில் துணுக்குகள் அடியில் ஒட்டவே இல்லை. கொஞ்ச நாள் மிதந்துவிட்டுச் செத்துப் போயின. மூன்றாவது மட்டும் பிடித்துக்கொண்டது. நுண்ணோக்கியில் பார்த்தால், கல் பதித்த தெருவைப் போல ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தத் தெரு நீண்டுகொண்டே போனது.

அவளுக்குத் தலைசுற்றல் அங்கேதான் ஆரம்பித்தது. செத்துப் போனது தம்பியுடையதாக இருந்தால், அவன் உடம்பில் மிச்சமிருப்பதும் லேசில் செத்துவிடும் என்று அர்த்தமா? வளர்கிறதே, அது அவனுடையது என்றால்? குளிர்ப்பெட்டிக்காரரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டாள். அவர் செல்களை உறையவைத்துப் பத்திரப்படுத்துகிறவர். எதைக் கேட்டாலும் அவசரப்படாமல் பதில் சொல்கிற மனிதர்.

"ஃபிளாஸ்க்ல நல்லா வளர்ந்தா, உடம்புலயும் அப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும். இல்லாமலும் இருக்கும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா தெரியாதுன்னு அர்த்தம், பால்காரம்மா."

அவர் அந்த மூன்றாவது குடுவையிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து உறையவைத்தார். மிச்சம் அவள் பொறுப்பிலேயே வளர்ந்தது.

வீட்டில் தம்பிக்குக் காயம் ஆறி, கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. சில வாரங்களில் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால்கூடக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில்தான் பாலும் சத்து மாவும். அவ்வளவு கத்துகிற மனிதன், சிலேட்டில் எழுதிக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான். அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாமல், வீட்டுப் பெண்கள் இருவரும் அடுப்படியில் நின்றபடியே எதையோ விழுங்கிவிட்டு வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அது டாக்டரம்மாவின் மருந்து. ஈறு செல்களின் கூச்சலை அடக்கிய அதே மருந்து, கதிர்ப்புண்ணின் எரிச்சலையும் அடக்குமா என்று பார்க்கிற சோதனை. பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தம்பி அதிலும் சேர்ந்தான். இரண்டு மூன்று நாளிலேயே சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினான்: 'பரவாயில்லை.'

தம்பி மனைவி பால்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணி, உங்க ஆபீஸ் மருந்துதானே இது? நீங்க நல்லா இருக்கணும்."

ஆய்வகத்தில் மூன்றாவது குடுவை தளதளவென்று வளர்ந்தது. ஒரு குடுவை நாலாகி, நாலு எட்டாயிற்று. வீட்டில் தம்பிக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றிவிட்டு வந்து, இங்கே இதற்கு ஊற்றினாள். அங்கே எலும்பும் தோலுமாக ஒருவன். இங்கே கொழுகொழுவென்று இது. அவனை அழித்துக்கொண்டிருந்தது இதுதானா, இல்லை யாரோ முகம் தெரியாத இன்னொருவரை அழிப்பதா? இது அவனுக்குச் சொந்தமா, அவனுக்கு எதிரியா? கை பாட்டுக்கு ஊற்றியது. மனசு பாட்டுக்கு எங்கேயோ போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை ஈறு செல்களுக்கெல்லாம் தீனி மாற்றினாள். மூன்றாவது குடுவையின் வரிசைக்கு மாற்றவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த நினைப்பே வரவில்லை. வரவில்லை என்றுதான் பிற்பாடு தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது நெஞ்சில் ஏதோ திக்கென்றதும், அதை அப்படியே ஒதுக்கிவிட்டு அடுத்த துணியை உதறியதும்கூட நினைவில் இருந்தது. மறந்தாளா, மறந்தது போல இருந்தாளா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்தால், அந்த வரிசை முழுக்கப் பளிச்சென்று மஞ்சள். நுண்ணோக்கியில் தெரு சிதைந்து கிடந்தது. பாதிக்கு மேல் உரிந்து மிதந்தன. ஒட்டிக்கொண்டிருந்தவை சுருங்கி, ஓரமாக ஒதுங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவோம் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. வந்ததென்னவோ பதற்றம். செத்ததை வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் புதுத் திரவம் ஊற்றினாள். இரண்டு முறை கழுவி ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் மிச்சம் கிடந்தவை பழையபடி தெருவை நிரப்பிவிட்டன. முன்னைவிட வேகமாக.

டாக்டரம்மா அந்தச் செல்களின் மேல்தான் மருந்தைச் சோதித்தார். கொப்பளிக்கும் மருந்து புண்ணை ஆற்றுவதோடு போகட்டும், புற்றுச் செல்லுக்கு ஊட்டமாகிவிடக் கூடாதே என்று உறுதி செய்துகொள்ளத்தான். வெகுகாலமாக ஆய்வகங்களில் வளர்கிற பழைய புற்றுச் செல்களில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. அவற்றில் ஒன்றும் இல்லை. நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த செல்களில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. மருந்து குறைவாக விட்ட இடங்களில் செல்கள் சாகவில்லை. மருந்தே விடாத இடங்களைவிடக் கூடுதலாக வளர்ந்திருந்தன.

"ஏதாவது தப்பா இருக்கலாம். ஆனா தப்புன்னு தெரியற வரைக்கும் சும்மா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைக் குழுவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். திரும்பச் சோதித்துப் பார்க்கும்வரை கொப்பளிக்கும் மருந்து யாருக்கும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, தம்பி மனைவி காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். "நிறுத்திட்டாங்களாம், அண்ணி. ஏன்னு கேட்டா சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

மறுநாளிலிருந்து தம்பி மறுபடி முனக ஆரம்பித்தான். சிலேட்டில் எழுதுவதையும் விட்டான். பால்காரம்மா அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். அந்த மருந்து கெடுதல் என்றால் நிறுத்தியது நல்லது. குடுவை பட்டினி கிடந்ததால் வந்த கோளாறு என்றால், அவன் இப்படித் துடிப்பது அவளால். எது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி டாக்டரம்மாவின் அறைக்குப் போனது.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கையெழுத்து, மூன்று பெட்டி, வெள்ளிக்கிழமை, மஞ்சள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேணும்னேதான் விட்டீங்களா?"

"தெரியலம்மா."

"இது என்ன பதில்? மறந்துட்டேன்னு சொல்லுங்க, இல்ல வேணும்னு செஞ்சேன்னு சொல்லுங்க."

"நானும் அதைத்தாம்மா யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். ரெண்டும் இல்லாத மாதிரியும் இருக்கு, ரெண்டும்ங்கிற மாதிரியும் இருக்கு."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இருபது பேரின் மருந்து நின்றிருக்கிறது. "உங்க தம்பியோடதா இருக்கலாம்னு முதல் நாளே சொல்லியிருந்தா, அந்தப் பெட்டிய நீங்க தொட்டிருக்கவே மாட்டீங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்!" என்று குரலை உயர்த்தினார். அப்புறம் தணிந்து, "இப்பவாவது வந்து சொன்னீங்களே" என்றார். அன்றோடு புற்றுச் செல்களின் குடுவைகளை அவள் தொடக் கூடாது என்று ஆயிற்று. நடந்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். போகவில்லை. ஈறு செல்களோடு மட்டும் இருக்கச் சொன்னார்கள்.

குளிர்ப்பெட்டிக்காரர் முன்பு உறையவைத்த குப்பிகளை வெளியே எடுத்தார். அவை பட்டினி கிடப்பதற்கு முன்னால் எடுத்தவை. அவற்றை வளர்த்து, அதே மருந்தை விட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி கூடவில்லை. இரண்டாம் தடவையும் கூடவில்லை. பட்டினி கிடந்து பிழைத்த செல்களிலும் திரும்பப் பார்த்தார்கள். அங்கே மட்டும் மறுபடி கூடியது.

"பாதி செத்தப்போ, இருக்கிறதுலயே முரடானதுதான் பிழைச்சிருக்கு போல" என்று வராந்தாவில் டாக்டரம்மா அவளிடம் சொன்னார். "அது மருந்தையே தீனியா எடுத்துக்குதோ என்னவோ."

"அப்ப மருந்து நல்லதா, கெட்டதாம்மா?"

"குழு நல்லதுன்னுதான் சொல்லுது. சோதனைய மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. ஆனா உடம்புக்குள்ளயும் சில செல்லு பட்டினி கிடக்கும்தானே? அதை இனிமேதான் பார்க்கணும். எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

டாக்டரம்மாவே குழப்பம் என்று சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாருக்காவது தெளிவாகத் தெரிந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சோதனை மறுபடி தொடங்குவதற்குள் தம்பிக்குக் கதிர் சிகிச்சையே முடிந்துவிட்டது. புண் தானாக ஆற ஆரம்பித்தது. குழாயை எடுத்தார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் பாலில் ஊறிய ரொட்டி. நாக்கின் ஒரு பக்கம் இல்லாததால், பேச்சு வழுக்கிக்கொண்டு வந்தது. ல-வும் ர-வும் ஒன்றாயின. பேசப் பேசத்தான் சரியாகும் என்று சொல்லியிருந்ததால், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பேசினான். பாதிப்பேர் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவளை வேலையிலிருந்து கூட்டிவரக் காரோடு வந்திருந்தான். மருத்துவமனை வாசலைத் தாண்டியதும், ஓரமாக நிறுத்தச் சொல்லி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தாள். உன்னால்தான் எனக்கு மருந்து நின்றதா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லத் தயாராகவே இருந்தாள்.

அவன் வேறொன்றைக் கேட்டான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்குப் புரிய வேண்டுமே என்று பார்த்துப் பார்த்து.

"ரெண்டு நாளா ஒண்ணுமே குடுக்கலியா?"

"புதன்கிழமைக்கு அப்புறம் அஞ்சு நாள் ஆச்சுடா."

"ஐயோ பாவம். பசிச்சிருக்கும்ல?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தில் தேடினாள். அவன் கண் கலங்கியிருந்தது.

"உன்னைச் சாகடிக்கப் பார்த்ததுடா அது!"

"தெரியும்க்கா. இருந்தாலும்... குழாய் போட்டிருந்தப்போ, நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில ஒளிஞ்சு சாப்பிடுவீங்களே, எனக்கு வாசம் வரும். அந்தப் பசி எதுக்கும் வரக் கூடாதுக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அது என்னோடதுதானான்னே தெரியாதுன்னு வேற சொல்ற" என்றான். திடீரென்று சிரித்தான். "யாரோ ஒருத்தரோடதுக்கு நான் அழுதுட்டிருக்கேன்!"

அவளும் சிரித்தாள். அப்புறம் அழுதாள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ கத்தினான். திட்டா, மன்னிப்பா என்று அந்த ஆளுக்குப் புரிந்திருக்காது. அவளுக்கே புரியவில்லை.

சோதனை முழுக்க முடிந்து, யாருக்கு எது கொடுத்தார்கள் என்ற விவரம் வெளியே வரப் பல மாதங்கள் ஆயின. மருந்து வாங்கியவர்களுக்குப் புண் ஓரளவு சீக்கிரம் ஆறியிருந்தது. தம்பியை மருத்துவமனைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனுக்குக் கொடுத்தது மருந்தில்லாத வெறும் திரவம். நிறமும் ருசியும் மட்டும்தான்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவிக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "வெறும் தண்ணியா? அதுக்கா நான் காலிப் பாட்டிலோட நின்னேன்?"

"நல்லா இருந்துச்சே" என்று தம்பி ஆச்சரியப்பட்டான். "சத்தியமா எரிச்சல் கொறைஞ்சுதுக்கா. நிறுத்தினதும் கூடுச்சு. அப்போ அது எப்படி?"

பால்காரம்மாவுக்குப் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டிய நேரம். அவளால் அவனுக்கு நின்றது மருந்தே இல்லை. ஆனால் அந்த ராத்திரிகளில் அவன் முனகியது அவள் காதில் விழுந்ததே, அது நிஜம்தானே? வேறு யாருக்கோ நிஜ மருந்து நின்றிருக்கும். அவர்களும் எங்கோ முனகியிருப்பார்கள். அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. தம்பி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் கேட்டாள். டாக்டரம்மா நிறைய சொன்னார். நம்பிக்கை, மூளை, வலி என்று ஏதேதோ. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் தம்பியிடம் அதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குழம்பி நின்றாள். "போகட்டும் விடுக்கா" என்று சொல்லிவிட்டு, அவன் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, நல்ல பக்கமாகப் பார்த்து மெல்ல ஆரம்பித்தான்.